பளீலா கொடுத்த செடி

"நாயைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, பளீலா! விஷச்செடியைக் குடுத்துத்தானா கொல்லணும்?"

பஞ்சவர்ணம் போட்ட சத்தத்தில் பலாங்கொடை கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

காலையில் வாயில் நுரை தள்ளி விழுந்த சூட்டியை, கணவர் பொன்னுத்துரை த்ரீவீல் ஆட்டோவில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். திரும்பும்போது சாக்கில் சுற்றித்தான் கொண்டுவந்தார். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்த நாய்.

வராந்தாவில் ஓர்கிட் பூச்சாடி கவிழ்ந்து கிடந்தது. இலையெல்லாம் கடித்துக் குதறியிருந்தது. அடுத்த வீட்டு பளீலா ஆசையாகக் கொடுத்த செடி.

"ஒங்க ஆளுங்களுக்கு நாயே ஆகாதே. நாந்தான் புத்திகெட்டுப் போய் வாங்கி வச்சேன்!"

பளீலாவின் முகம் வெளுத்துப்போனது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

"பாருங்க, பதில் வருதா? குத்தமுள்ள நெஞ்சு எப்படிப் பேசும்?"

"விடு பஞ்சு" என்றார் பொன்னுத்துரை. அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றோடு பேச்சு முறிந்தது. பெருநாளுக்குப் பளீலா அனுப்பிய வட்டிலப்பப் பலகாரத்தைப் பஞ்சவர்ணம் வாசலோடு திருப்பி அனுப்பினாள். தங்கள் உரக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னாள். பளீலாவிடம் பூச்செடி வாங்கிக்கொண்டிருந்தவர்களும் மெல்ல விலகினார்கள். கடைசியில் அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு எஹலியகொடையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஒழிஞ்சது சனியன்" என்றாள் பஞ்சவர்ணம்.

வருஷம் திரும்பியது. புதிதாக வந்த குட்டிக்கு ஊசி போட இருவரும் அதே மிருக வைத்தியர் சுதாகரனிடம் போனார்கள்.

"இதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க டாக்டர். வீட்டுல இப்ப ஓர்கிட்டே கெடையாது."

டாக்டர் புரியாமல் பார்த்தார். "ஓர்கிட் நாய்க்கு விஷமில்லம்மா. மிஞ்சிப்போனா ஒரு வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். உங்க நாய் செத்தது நத்தை மருந்தால. நீலமா, குருணை மாதிரி இருக்குமே, அது. வாந்தியில நிறையக் கிடந்துச்சு. நாய்ங்க அதை ருசிச்சுத் தின்னும். ஐயாகிட்ட அன்னைக்கே சொன்னேனே?"

பஞ்சவர்ணம் குட்டியைக் கணவர் கையில் திணித்தாள். நத்தை மொட்டைத் தின்கிறதென்று கடையிலிருந்து அந்த நீலக் குருணையை எடுத்துவந்து, சாடி நிறையத் தூவியவள் அவளேதான்.

வெளியே வந்ததும் கணவரின் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க எங்கிட்ட மறைச்சீங்க? அந்தப் பொம்பளை வாயைத் திறக்காம அத்தனை ஏச்சும் வாங்கிக்கிட்டு நின்னாளே!"

பொன்னுத்துரை குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சொல்லத்தான் வந்தேன். தெரு முடக்குலயே பளீலா ஓடிவந்து, என் செடியாலயா அண்ணேன்னு அழுதா. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நீ மருந்து தூவினதையும் சொன்னேன். ஒங்கிட்ட சொல்லவே வேணாம்னு கெஞ்சிக் கேட்டா. அப்புறம் நானும் கோழையா இருந்துட்டேன்."

"ஏன் அப்படிக் கேட்டா?"

"'என்னைய ஏசிட்டு அக்கா ஆறிக்குவாங்கண்ணே. தன் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க'ன்னா."