மாடியில்லாத படி

வெள்ளைக்காரத் துரை வாழ்ந்த மாளிகை இப்போது அருங்காட்சியகம். மனைவியோடு பார்க்கப் போனேன். சமையலறைச் சுவரில், வேலைக்காரர்களைக் கூப்பிடும் மணி கம்பி அறுந்து தொங்கியது. அது அடித்தது. வீட்டு வாசலிலுள்ள என் கடையிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாத என் மனைவி, "இதோ வந்துட்டேங்க" என்று மாடிப்படி ஏறினாள்.

"மாடி இடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு சார், வெறும் படிதான் இருக்கு," என்றார் காவலர்.

ஓடி ஏறினேன். கடைசிப் படிக்கு மேல் வானம்தான் இருந்தது.

"இறங்கி வாடி! இனிமே நம்ம வீட்டுல நீ சொன்னதுதான் விலை, பேரமே கிடையாது!" என்று அழுதேன்.

மேலிருந்து இறங்கி வந்தாள், கையில் காலித் தட்டோடு.

"வீட்டுக்குப் போலாம் வா," என்றேன்.

"துரைகிட்ட கேட்டுட்டு வரேங்க ஐயா," என்று யாரோ ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லித் திரும்பினாள்.

என் தலைக்கு மேலே, வெட்டவெளியில், அவள் செருப்புச் சத்தம் நிதானமாக நடந்து போனது.