சளி பிடித்துவிடக் கூடாது

குறைமாதத்தில் பிறந்த மகளை இன்று முதன்முதலாகக் கையில் தரப்போகிறார்கள். பெற்றவள் வார்டு வாசலில் இருப்புக்கொள்ளாமல் நிற்கிறாள். சளி பிடித்தால் உள்ளே விடமாட்டார்களே என்ற பயத்தில் ஒரு வாரமாக விட்டமின் சி மாத்திரைகளை வேளைக்கு மூன்றாகக் கரைத்துக் குடிக்கிறாள். இப்போதும் தம்ளரில் ஆரஞ்சு நிற நுரை சீறுகிறது. "இதக் குடிச்சுக் குடிச்சு நேத்துலேருந்து வயித்தால போகுது, இன்னும் எதுக்கு?" என்று கணவன் கையைப் பிடிக்கிறான். "தும்மல் வந்துட்டா என்னங்க பண்றது?" என்று ஒரே மடக்கில் குடித்துவிடுகிறாள். கதவு திறக்கிறது. "வாங்கம்மா, பொண்ணத் தூக்கிக்குங்க," என்று நர்ஸ் சிரிக்கிறாள். அந்த நேரம் பார்த்து வயிறு கடமுடவென்று புரள்கிறது. "நீங்க போங்க, இதோ வந்துட்டேன்," என்று கழிப்பறைக்கு ஓடுகிறாள். ஈரச் சுவருக்கு அப்பால் பூனைக்குட்டியின் முனகல் போல ஓர் அழுகை கேட்கிறது, தொடர்ந்து கணவனின் நடுங்கும் குரல், "அழாதடா தங்கம், அம்மா வந்துட்டே இருக்கா." அவளால் எழுந்திருக்க முடியவில்லை.