காப்புக்கு முந்தின பஸ்

சிவரஞ்சனியின் விரல்கள் பறந்துகொண்டிருந்தன. சேமித்து வைத்திருந்த பட்டறையைப் பிரித்துக் கொட்டிய சின்ன வெங்காயம் வாசல் முழுக்கக் குவிந்து கிடந்தது. காய்ந்த தாளைத் திருகி, அழுகலை ஒதுக்கி, நல்லதை விதைக்கென்று கூடையில் போட வேண்டும். கை வெங்காயத்தில் இருந்தாலும் காது பஸ் வருகிற ரோட்டிலேயே இருந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிற யாரும், தேர் ஓடி முடிகிற எட்டாம் நாள் வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அதற்கு முன்னே ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் மதுரை. தாண்டாவிட்டால் இந்த வெங்காயம்தான்.

"சித்திரைத் திருவிழாவுக்கா கெளம்புற?" கூடவே உட்கார்ந்து தாள் திருகிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு வளர்மதி கேட்டாள்.

"ஆமாக்கா. அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்கணும். பொருட்காட்சியில பாப்பாவ ராட்டினத்துல ஏத்தணும்."

"கூட்டம் நெரியுமே. எங்க தங்குவ?"

"அம்மா வேல பாக்குற வூட்டு மாடியில ஒரு ரூம் இருக்காம். சொல்லி வச்சிருக்காங்க. வெடியக்காலமே போயிட்டா ஆத்துப் பாலத்துக்கிட்ட எடம் புடிச்சிரலாம்னாங்க."

அழகரும் ராட்டினமும் வாய்க்குத்தான். ஒரு ராத்திரியாவது அம்மா பக்கத்தில் படுத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அப்பா போனபிறகு மதுரைக்குச் சமையல் வேலைக்குப் போன சிந்தாமணி, மகளைப் பார்க்கக் காலையில் வந்தால் சாயங்காலப் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். கட்டிக்கொடுத்த வீட்டில் போய்த் தங்கினால் மரியாதை இருக்காதாம். பேத்தி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியிலிருந்தே பஸ் ஏறிவிட்டாள்.

மாமியார் அமிர்தவல்லி இன்னொரு கூடை வெங்காயத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தாள்.

"இதையும் முடிச்சிரு."

"அத்த, மத்தியான பஸ்ஸு..."

"கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு, பெரம்பலூர்ல ஒரு பஸ்ஸு, திருச்சியில ஒரு பஸ்ஸுன்னு நீ தனியா மாறப் போறியா? ஆளுங்கள நிமிந்து பாத்து வழி கேக்கத் தெரியுமா உனக்கு? உம் புருஷன் லாரியோட போயிட்டான். உங்கம்மாவ வரச் சொல்லியிருக்கேன். வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

"அவங்க வந்து சேரவே சாயங்காலம் ஆயிருமே அத்த."

"ஆவட்டும்."

மாமியார் உள்ளே போனதும் வளர்மதி குனிந்து கிசுகிசுத்தாள். "புரியலையா புள்ள? காப்பு கட்டுற வரைக்கும் உன்ன இழுத்துப் புடிக்கிறா. நீ போயிட்டா இத யாரு திருகுறது, மாட்ட யாரு புடிச்சுக் கட்டுறது? எம் மாமியாளே தேவல போ."

எதிர்த்துப் பேசி ரஞ்சனிக்குப் பழக்கமில்லை. வெங்காயத்தைத்தான் வெடுக் வெடுக்கென்று திருகினாள். நாலு தரம் எழுந்து போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். ஏற்கெனவே கட்டி வைத்த பையை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள்.

சிந்தாமணி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கெளம்புடி. அஞ்சரை பஸ்ஸ வுட்டா அப்பறம் இல்ல."

ரஞ்சனி பையைத் தோளில் மாட்டி, மகள் ஆர்த்தியை இடுப்பில் ஏற்றினாள்.

"வெறும் வாயோட அனுப்பிட்டேன்னு ஊரு என்னையத்தான் பேசும்," என்று குறுக்கே வந்தாள் அமிர்தவல்லி. "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க சம்பந்தி."

"வேணாங்க, நேரமாச்சு."

"காப்பி குடிக்க எந்நேரம் ஆவப்போவுது? உக்காருங்க, பால் கறந்துட்டு வந்துர்றேன்."

சொம்போடு கொல்லைக்குப் போனவள் போனவள்தான். பொறுத்துப் பார்த்த ரஞ்சனி, பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். அங்கே மாமியார் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். சொம்பு காலி.

"மாடு இன்னும் சொரப்பு வுடல, பால் எறங்கல," என்றாள் நிதானமாக.

அந்த நேரத்தில் கோயில் பக்கம் மேளம் எழுந்தது. வேட்டு ஒன்று வெடித்தது. காப்பு கட்டியாச்சு என்று சொல்லிக்கொண்டே யாரோ தெருவோடு போனார்கள். வாசலில் சிந்தாமணி, "கட்டிட்டாங்களா? இனி நானும் போவ முடியாதே," என்று பதறியது கொல்லை வரைக்கும் கேட்டது.

ரஞ்சனியின் தோளிலிருந்து பை நழுவியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல்முறையாக மாமியார் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"வேணும்னேதான அத்த செஞ்சீங்க?"

"ஆமா. வேணும்னேதான்."

"எங்கம்மாவோட ரெண்டு நாளு இருக்கணும்னு நெனச்சது அவ்ளோ பெரிய தப்பா?"

அமிர்தவல்லி மாட்டுக்கு அடியில் உட்கார்ந்தாள். கை வைத்ததுமே பால் சர்ரென்று சொம்பில் இறங்கியது.

"மதுரைக்குப் போனா நீ ராட்டினம் பாப்ப, உங்கம்மா அடுப்படியில நிப்பா. ராத்திரி வந்து அடிச்சுப்போட்டாப்ல தூங்குவா. தங்கிட்டுப் போங்க சம்பந்தின்னு நான் எத்தன தடவ கூப்புட்டிருப்பேன், ஒரு நா கேட்டாளா? எம் பேச்சக் கேக்க மாட்டா, மாரியாத்தாவ மீற மாட்டால்ல. தேர் ஓடுற வரைக்கும் இங்கதான் கெடந்தாவணும். அவ வேல பாக்குற வூட்டம்மாகிட்ட நேத்தே போன் போட்டு லீவு கேட்டுட்டேன். கோயில் காரியம்னதும் சரின்னுட்டாங்க."

ரஞ்சனி மாமியார் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அத்த, காலையிலேருந்து நான் உங்கள மனசுக்குள்ள என்னென்ன..."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ரஞ்சனி, பாப்பாவுக்குக் கண்ணு சொருவுது. எங்க ரெண்டு பேருக்கும் பாயி எங்கடி வச்சிருக்க?"