டெண்டர் திறந்திருக்கும் வரை

டெண்டர் திறந்திருக்கும் வரை, அதில் விலைப்புள்ளி தரும் வியாபாரியோடும் அவர் வீட்டாரோடும் கொள்முதல் அலுவலர் பேசக்கூடாது. போன் செய்தால் இணைப்பு தானே அறுந்துவிடும்; நேரில் போனால் வேலை போய்விடும். பல்கலைக்கழகத்திலோ ஒரு டெண்டர் மூடுவதற்குள் அடுத்தது திறந்துவிடுகிறது. அதனால் கொள்முதல் அலுவலர் ஜெசிந்தா, பாளையங்கோட்டையில் ஆய்வகக் கண்ணாடிச் சாமான் விற்கும் தம்பி அருளோடு பேசி வருடக்கணக்காகிவிட்டது. அவளுக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு வழி மட்டும் இருந்தது. டெண்டரில் சந்தேகம் இருந்தால் வியாபாரிகள் பெயர் போடாமல் இணையதளத்தில் கேட்கலாம்.

“சரக்கைச் சரிபார்க்கும் அலுவலரால் மாடிப்படி ஏற முடிகிறதா?” என்று ஒரு கேள்வி வரும். வேறு எந்த வியாபாரி அவள் முழங்காலைப் பற்றிக் கவலைப்படப் போகிறான்?

“முடிகிறது, மெதுவாக” என்று பதில் போடுவாள். அடுத்த டெண்டரில் ஒரு நிபந்தனையும் சேர்ப்பாள்: இதய நோய் உள்ள வியாபாரி பெட்டிகளைத் தானே தூக்கக்கூடாது.

இந்த முறை கேள்வியே வரவில்லை. கேள்விக்கான கடைசித் தேதியை அவள் தள்ளித் தள்ளி வைத்தாள்.

ஒரு மதியம் போன் அடித்தது. தம்பியின் எண். எடுத்தும் அறுந்துபோகவில்லை. அக்காவோடு பேசுவதற்காகக் கடையையே மூடிவிட்டானா, கிறுக்குப் பய!

“அருளு! சாப்ட்டியாடே?”

“மைனி,” என்றாள் தம்பி மனைவி. “நேத்து அவுகள அடக்கம் பண்ணியாச்சு. டெண்டர் லிஸ்ட்ல இருந்து கடைப் பேர இன்னைக்குத்தான் எடுத்தாங்க. இனி நாம பேசலாமாம்.”