ஒன்பதாம் பாகத்திலிருந்து

நார்ஃபோக் கடற்படைத் தளத்தருகே ஒரு பழைய புத்தகக் கடை. இருபத்திரண்டு பாகம் நீளும் விண்வெளிப் போர்க்கதையின் முன்னால் டார்லா நிற்கிறாள். வெடித்த புத்தக முதுகுகளில் மாலை வெயில் ஊர்கிறது. "எழுதின வரிசையில படிம்மா," என்கிறார் கடைக்காரர் வென்டல். "இவர் பேச்சக் கேக்காத. கதை நடந்த வரிசையில படி, கடைசியா எழுதினதுதான் முதல் கதை," என்கிறாள் அவர் மனைவி ஐரீன். "அப்படிப் படிச்சுதானே நீ ரெண்டாவதுலயே தூங்கிப்போன!" என்கிறார் வென்டல். நீர்மூழ்கிக் கப்பலில் போயிருக்கும் கணவனோடு டார்லா இன்னும் மூன்று மாதம் பேச முடியாது. அவன் கப்பலுக்கு எடுத்துப்போன பையில் இதே கதையின் ஒன்பதாம் பாகம் இருக்கிறது. அவள் விரல் ஒன்பதில் நிற்கிறது. "நடுவுல ஏறினா ஒண்ணும் புரியாதே!" என்று இருவரும் ஒரே குரலில் பதறுகிறார்கள். "ஒரு பென்சில் இருந்தா குடுங்க," என்று டார்லா புத்தகத்தை உருவுகிறாள். "புரியாததுக்கெல்லாம் கோடு போட்டு வைக்கிறேன். வந்து அவனே சொல்லட்டும்."