லென்ஸில் ஒரு தூசி

வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகளுக்கு லென்ஸ் வடிவமைக்கும் ஆராய்ச்சியாளர் அவள். இரண்டு வருட உழைப்பில் உருவான லென்ஸை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, அன்று காலை சோதனையைத் தொடங்கினாள். பெட்டியின் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், லென்ஸின் நட்டநடுவில் ஒரு தூசி.

"போச்சு! பெட்டியைத் திறந்தா மறுபடி காத்தை உறிஞ்சி எடுக்க ஒரு வாரம் ஆகுமே!" என்று தலையில் கைவைத்தாள். மறுநாள் அவள் தங்கையின் குழந்தையைப் பார்க்க ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

"டீ குடிச்சிட்டு வந்து அழலாம், வாங்க," என்றார் கூட இருந்த ஆய்வக மெக்கானிக்.

திரும்பி வந்தபோது தூசியைக் காணோம். லென்ஸ் பளபளவென்று இருந்தது. பெட்டியை யாரும் திறக்கவில்லை. உள்ளே துளிக் காற்றும் இல்லை என்றே கருவி காட்டியது. சோதனை அமோகமாக முடிந்தது.

"யாரு பெத்த பிள்ளையோ, உள்ள பூந்து துடைச்சிருக்கு!" என்று சிரித்தார் மெக்கானிக்.

அவளுக்கும் சிரிப்பு பொங்கியது. ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்து, "ரொம்ப தேங்க்ஸ்பா! துடைச்ச கை நல்லா இருக்கட்டும்," என்றாள்.

கண்ணாடியில் ஆவி படிந்தது. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. அது உள்பக்கம் படிந்திருந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே எட்டிப் பார்க்க வாகாக, யாரோ அதை உள்ளிருந்து வட்டமாகத் துடைத்தார்கள்.