பழைய முகவரியில் ஒரு பச்சை விளக்கு

இறந்துபோன அந்த அம்மாள் இன்று காலையும் பொத்தானை அமுக்கி, 'நலமாக இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

திரையில் அதைப் பார்த்த புரோகிராமர் பெண் தேதியை மறுபடி சரிபார்த்தாள். பெட்டியை மாற்ற நாள் கேட்டு நேற்று அந்த வீட்டுக்குப் போன் செய்தபோது, "அவ செத்துட்டாம்மா" என்று வயதான ஓர் ஆண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அப்படியானால் அமுக்கியது யார்?

தூரத்தில் இருக்கும் சொந்தங்களுக்காக அவர்கள் கம்பெனி விற்ற பெட்டி அது. இங்கே அமுக்கினால் அங்கே பச்சை விளக்கு எரியும், அங்கே அமுக்கினால் இங்கே எரியும்.

இண்டர்நெட்டில் பழைய முகவரி எண்கள் தீர்ந்துபோய், நீளமான புது எண்கள் வந்துவிட்டன. அதற்கேற்ப அப்ளிகேஷனை மாற்றி எழுதியது இவள்தான். பழைய பெட்டிகளுக்கு அந்தப் புது எண்கள் புரியாது. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று, இந்த ஒரு ஜோடிதான் பாக்கி.

"வெள்ளிக்கிழமை பழைய வழியை மூடறோம். செத்தவங்களுக்கு எதுக்குப் புதுப் பெட்டி? அழிச்சு விடு" என்றார் மேனேஜர். வேலை ஒன்று குறைந்ததில் அவருக்கு நிம்மதி.

"நான் எழுதின புரோகிராம்தான் பழைய செய்தியையே திருப்பித் திருப்பி அனுப்புதோ என்னவோ சார். நேர்ல பார்த்துட்டு வந்துடறேன்."

பயமாகத்தான் இருந்தது. தப்பு தன்னுடையதாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே கிளம்பினாள்.

கதவைத் திறந்தவர் அந்த அம்மாளின் கணவர். உள்ளறையில் ஒரு கட்டில், விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தலைமாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படுத்திருப்பவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல இவள் குரல் தானாகத் தணிந்தது.

"நீங்கதான் அமுக்கறீங்களா, ஐயா?"

பெரியவர் தலையாட்டினார். "அவளுக்குக் காது போயி பல வருஷம். போன்ல பேச முடியாது. அவளுக்கும் மகளுக்கும் இந்த விளக்குதான் பேச்சு."

"மகளுக்கு இன்னும் சொல்லலையா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல? என் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு அவளைத் தலைமுழுகினவன் நான். இவ போன அன்னிக்குப் போனைக் கையில எடுத்தேன், நாக்கு எழல. மறுநாள் காலைல இவ அமுக்கற நேரம் வந்துது. விளக்கு எரியலேன்னா பொண்ணு தவிச்சுப் போயிடுவாளேன்னு நானே அமுக்கினேன். அப்புறம் நிறுத்த முடியல."

விளக்கைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "முன்னெல்லாம் பொண்ணு பதில் போட மத்தியானம் ஆகும், சோம்பேறிக் கழுதை. இப்ப நான் அமுக்கின கையோட எரியுது. அம்மா மேல அவ்வளவு உசிரு. இதை மூடிடாதம்மா. அவளுக்கு இருக்கற அம்மா இப்ப இதுதான்."

இவள் மேனேஜர் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு, பையிலிருந்து புதுப் பெட்டியை எடுத்துப் பொருத்தினாள்.

"இது மட்டும் போதாது ஐயா. அந்தப் பக்கமும் புதுப் பெட்டி இருந்தாத்தான் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எரியும். உங்க மககிட்ட நான் பேசறேன்."

"பேசு. ஆனா அவ அம்மா போனது மட்டும் உன் வாயிலேருந்து வந்துடக் கூடாது."

தெருவுக்கு வந்து மகளின் எண்ணை அழைத்தாள். எடுத்தது ஓர் ஆண் குரல், பெரியவரின் மருமகன். புதுப் பெட்டி விஷயத்தை விளக்கினாள். மாமியார் சௌக்கியமாக இருக்கிறார் என்று கூசாமல் ஒரு பொய்யையும் சேர்த்தாள்.

"பெட்டி நாளைக்கே வந்துடும் சார். உங்க வீட்டம்மாவை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க, போதும்."

 

"அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம், தாங்க மாட்டாங்க... அவ போய் ஒரு வருஷமாச்சு, நான்தான் அமுக்கிட்டிருக்கேன்."